சென்னை வெயில், மழை, 10டபிள்யூ-30: ஒரு நீண்டகால அனுபவம்

கத்திரி வெயில் தொடங்கும் முன் கெட்டி ஆயிலுக்கு மாற வேண்டுமா, ஐப்பசி மழைக்கு முன் மறுபடியும் மெல்லிய ஆயிலுக்குத் திரும்ப வேண்டுமா என்று அண்மையில் பைக் வாங்கிய அலுவலக நண்பர் கேட்டார். ஒரே 150 சிசி பைக்கைப் பல ஆண்டுகளாக, பெரும்பாலும் கையேடு சொல்லும் 10டபிள்யூ-30 கிரேடு (அதாவது கெட்டித்தன்மை அளவு) எஞ்சின் ஆயிலிலேயே ஓட்டி வருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்வது; அதைப் பற்றிச் சென்னையில் யாரும் கவலைப்படத் தேவையில்லை. 10டபிள்யூ ஆயிலுக்கான குளிர் சோதனை மைனஸ் 25 டிகிரியில் நடக்கிறது; 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. நம் ஊர் மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தாலே குளிர் என்கிறோம். ஆனாலும் இரவெல்லாம் நின்ற எஞ்சினில் 10டபிள்யூ-30 விரைவாக மேலேறி, வால்வுகள் இருக்கும் மேற்பகுதியான ஹெட்டை நனைக்கிறது என்பதைக் காதாலேயே உணரலாம். ஸ்டார்ட் செய்தவுடன் வால்வுப் பக்கம் டக்டக்கென்று கேட்கும் டேப்பட் சத்தம் தெருமுனையைத் தாண்டும் முன் அடங்கிவிடும். பிக்கப்பிலும் மைலேஜிலும் எனக்குக் குறையே இருந்ததில்லை.

என் பொறுமையைச் சோதிப்பது பின்னால் உள்ள எண்தான். எஞ்சின் சூடேறி 100 டிகிரியை எட்டும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை அது குறிக்கிறது: 30 என்றால் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் அதற்கும் மேல். பைக்கில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால், சூட்டில் மெலிந்துவிடாமல் இருக்க அதில் கலந்திருக்கும் பாலிமர்களைக் கியர் பற்கள் ஓயாமல் நசுக்குகின்றன; நாளாக நாளாக 30 என்று ஊற்றிய ஆயில் அந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடலாம். மே மாத மதியத்தில், மெட்ரோ பணிகளால் ஒடுங்கிப்போன பழைய மகாபலிபுரம் சாலையின் சிக்னலில் நிற்கும்போது இது தெரியும். முதல் கியரிலிருந்து மெல்லத் தட்டினால் இரண்டாவதற்குத் தாவுகிறது, திரும்ப அழுத்தினால் முதலுக்கே வருகிறது, நியூட்ரலின் பச்சை விளக்கு மட்டும் எரிவதில்லை. கிளட்ச் கேபிளைச் சரிசெய்தும் பலனில்லை. புது ஆயில் ஊற்றினால் சில வாரங்களுக்கு அடங்கி, பழசானதும் திரும்பி வருகிறது. அதே வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கியபடி ஓடும்போது இந்தத் தொல்லை தலைகாட்டுவதில்லை. ஆகவே காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நம் ஊரில் உண்மையான கோடை, போக்குவரத்து நெரிசல்தான் என்பேன்.

ஒரு கோடையில் மெக்கானிக்கின் வற்புறுத்தலால் 20டபிள்யூ-50 ஊற்றினோம். கியர் வெண்ணெயாக விழுந்தது, எஞ்சின் சத்தமும் குறைந்தது. ஆனால் வண்டி எதையோ இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல் கனத்தது, மைலேஜும் இறங்கியது. அந்த எஞ்சின் பாகங்களுக்கு இடையிலான இடைவெளிகள் அவ்வளவு கெட்டியான ஆயிலுக்காக அமைக்கப்பட்டவை அல்ல.

மழைக்காலத்துக்குக் கிரேடு மாற்றுவதில் பொருளே இல்லை. அப்போது எதிரி தண்ணீர். கடைக்கும் வீட்டுக்குமாகக் குறுந்தொலைவே ஓட்டினால் எஞ்சினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகி வெளியேறும் அளவுக்குச் சூடு பிறக்காது. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெளிறிய நுரை தெரிந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். தெருவெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஆயிலைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

நேர்மையாகக் கணக்குப் போட்டால் 10டபிள்யூ-30 மீது நான் சொல்லக்கூடிய குறை ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆண்டில் சில வாரங்களுக்குத்தான். வாரண்டி உள்ளவரை நண்பர் கையேட்டை மீற வேண்டாம். எந்தக் கிரேடானாலும் டப்பாவில் பைக் கிளட்சுக்கு ஏற்றது என்று காட்டும் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பார்க்கட்டும், ஏனெனில் உராய்வு குறைக்கும் கார் ஆயில்களில் கிளட்ச் வழுக்கக்கூடும். இவ்வளவு புகழ்ந்த பிறகும், அந்தப் பச்சை விளக்குக்காக இன்னொரு மே மாதம் காத்திருக்க எனக்கு மனமில்லை. வாரண்டி முடிந்த என் வண்டிக்குப் பங்குனியிலேயே 10டபிள்யூ-40 ஊற்றப் போகிறேன். மழை வந்தாலும் அதை மாற்றுவதாக இல்லை.