யார் போட்ட மார்க்கை நம்புவது? ரீமேக் ஆர்பிஜி வாங்கப்போகும் சேலத்துக்காரர்களுக்கு

பழைய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறிக் கதையோடு ஆடும் வீடியோ கேம்) ஒன்றைப் புதிதாகச் செய்து கொடுத்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் 2020 ஏப்ரல் 10 அன்று வெளியானது. ஊரடங்கு நேரம். ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரை கேம் டிஸ்க் விற்கிற கடை ஒன்றும் திறக்கவில்லை. ஆட்டம் கைக்கு வரவில்லையே தவிர, அதற்கு விழுந்த மார்க் பற்றிய சண்டை மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. விமர்சன மார்க்குகளைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி 87. "கதையவே மாத்தி வெச்சிருக்கான், இதுக்கு 87-ஆ?" என்று ஒரு கட்சி. "90 போடாதவனுக்குக் கண்ணு தெரியலைடா" என்று இன்னொரு கட்சி. என் நண்பர்கள் வட்டத்தில் இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தார்கள். 1997-இல் வந்த மூல ஆட்டத்தை முழுக்க ஆடி முடித்தவர்கள்தான் அதில் அரிதாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பழைய ஆர்பிஜி புதுப்பித்து வந்தாலும் இதே கூத்துதான். எனவே எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். விமர்சகர் சராசரி, ரசிகர்கள் போடும் பத்துக்கு எத்தனை, கணினி ஆட்டங்கள் விற்கும் ஸ்டீம் தளத்தின் கட்டைவிரல் சதவீதம் என்று மூன்று இருக்கின்றன. ஐயாயிரம் ரூபாய் அளவுக்குக் கொடுத்து ஒரு டிஸ்க் வாங்குகிறவர் இதில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரீமேக்குக்கு விழும் மார்க்கில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன: ஒன்று வேலைப்பாடு, இன்னொன்று ஞாபகம். செவ்வாய்ப்பேட்டையில் பழைய கொலுசை அழித்துப் புதுசு செய்யக் கொடுத்தால், வெள்ளி எத்தனை டச் (எவ்வளவு சுத்தம்) என்று எண்ணிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணில் பொய் இருக்காது. ஆனால் கொலுசு வீட்டுக்கு வந்ததும் பாட்டி, "மணிச் சத்தம் பழைய மாதிரி இல்லையே" என்பார். அதுவும் பொய்யில்லை. விமர்சகர் பெரும்பாலும் டச் பார்க்கிறார், பழைய ரசிகர் மணிச் சத்தம் கேட்கிறார். இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வதால்தான் சண்டை மூள்கிறது.

விமர்சகர் சராசரியை எடுத்துக்கொள்வோம். மெட்டாகிரிட்டிக் 2001-இலிருந்து இருக்கிறது. பல பத்திரிகைகள், தளங்கள் போடும் மார்க்கை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறது. எல்லாப் பத்திரிகைக்கும் ஒரே எடை கிடையாது. யாருக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்வதும் இல்லை. 75-ம் அதற்கு மேலும் என்றால் பச்சை நிறம், 90-ஐத் தொட்டால் தனி முத்திரை. 89-க்கும் 90-க்கும் நடுவே ரசிகர்கள் உயிரை விடுவது இதனால்தான். சும்மா ஒரு எண்தானே என்று சிரிக்கவும் முடியாது. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸ் மெட்டாகிரிட்டிக்கில் 85 எடுத்தால் அதைச் செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு போனஸ் என்று ஒப்பந்தம் இருந்தது. எடுத்தது 84. போனஸ் போச்சு. ஒரு மார்க்கில் பாஸ் தவறவிட்ட வயிற்றெரிச்சல் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விமர்சகர் எண்ணுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது அவசரம். நாற்பது, ஐம்பது மணி நேரம் ஓடும் ஆர்பிஜியை வெளியீட்டு நாளுக்குள் முடித்து எழுதியாக வேண்டும். 2024 நவம்பர் 14 அன்று வந்த டிராகன் குவெஸ்ட் 3 ஹெச்டி-2டி ரீமேக்கைப் பாருங்கள். 1988-இல் நின்டெண்டோவின் பழைய கன்சோலான ஃபேமிகாமில் வந்த ஆட்டம். புதிய பதிப்பில் ஆட்டோசேவ், போகும் இடத்துக்குக் குறி, சிரமத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி எல்லாம் சேர்த்தார்கள். ஆனாலும் நடந்தால் நாலு எட்டுக்கு ஒரு சண்டை என்கிற பழைய அமைப்பை விடவில்லை. பல விமர்சகர்கள் அதைக் குறையாக எழுதினார்கள், மார்க் 80-களின் தொடக்கத்தில் நின்றது. ஒரு வாரத்துக்குள் முடித்தாக வேண்டியவருக்கு ஒவ்வொரு சண்டையும் எரிச்சல்தான். வேலை முடிந்து வந்து ராத்திரி அரை மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு அதே சண்டைதான் அன்றைய ஆட்டமே. விமர்சகர் தன் அனுபவத்தை நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த அனுபவம் நம்முடையது இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, எந்த இயந்திரத்தில் ஆடிப் போட்ட மார்க் என்பது. ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கின் 87 பிளேஸ்டேஷன் 4-க்கு விழுந்தது. அதே ஆட்டம் 2021 டிசம்பரில் கணினிக்கு வந்தபோது படம் திக்கித் திக்கி ஓடுகிறது, கிராஃபிக்ஸ் அமைப்புகளே போதவில்லை என்று ஒரே புகார். அந்தப் புகார் பழைய 87-க்குள் எங்கேயும் கிடையாது. கணினியில் ஆடுகிறவர் அந்த எண்ணைக் காட்டிப் பேசினால், "எந்த பாக்ஸுக்குப் போட்டதுண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

பத்துக்கு எத்தனை என்று ரசிகர்கள் நேரடியாகப் போடும் மார்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டத்தை வாங்கினாரா, ஆடினாரா என்று யாரும் கேட்பதில்லை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்த அன்றே, ஒருவரும் முடித்திருக்க வாய்ப்பில்லாத நேரத்தில், பூஜ்யங்கள் மழையாகக் கொட்டின. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் ரசிகர்கள் மார்க் போடலாம் என்று கதவைப் பூட்டியது. ஆர்பிஜிக்கு 36 மணி நேரம் எந்த மூலைக்கு? அதில் பூஜ்யமும் பத்தும்தான் மலிவு. ஆறு போடுகிறவருக்கு அங்கே வந்து எழுதும் கோபமும் இல்லை, பூரிப்பும் இல்லை. இந்த எண்ணை நான் பார்ப்பதை விட்டே நாளாகிறது.

ஸ்டீம் வேறு கதை. அங்கே ஆட்டம் கணக்கில் இருப்பவர்தான் எழுத முடியும். எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் அந்தச் சதவீதத்தை மார்க் என்று படிப்பவர்கள் ஏராளம். "மெட்டாகிரிட்டிக்ல 87, ஸ்டீம்ல 80, அப்ப ஸ்டீம்காரன் கம்மியாப் போட்டிருக்கான்" என்பார்கள். ஸ்டீமின் 80 என்பது நூறு பேரில் எண்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள் என்ற கணக்கு. எவ்வளவு பிடித்தது என்று அதில் தெரியாது. எல்லோருக்கும் 'பரவாயில்லை' என்று தோன்றும் ஆட்டம் 95 வாங்கிவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மூன்றில் ஒருவர் கரித்துக்கொட்டும் ஆட்டம் 70-ஐத் தாண்டத் திணறும். ரீமேக்குகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

ஸ்டீமில் உண்மையான பயன், கடைசி 30 நாள் கருத்துகளைத் தனியாகக் காட்டுவது. 2025 ஏப்ரல் 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் வந்த ஆப்லிவியன் ரீமாஸ்டர்டை எடுத்துக்கொள்ளுங்கள். (ரீமேக்கா, ரீமாஸ்டரா என்ற தகராறை இங்கே இழுக்க வேண்டாம்.) 2006-இல் வந்த ஆட்டத்தின் பழைய என்ஜின் (ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) மேலேயே அன்ரியல் என்ஜின் 5-இன் தோற்றத்தைப் போர்த்தினார்கள். முதல் சில நாட்கள் ஒரே கொண்டாட்டம். அப்புறம் வெட்டவெளியில் ஃபிரேம் விழுகிறது, அதாவது படம் திக்குகிறது என்ற முணுமுணுப்பு ஏறியது. விமர்சகர் எண் ஒருமுறை விழுந்தால் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். ஸ்டீம் எண் அசைந்துகொண்டே இருக்கும். நடுத்தரமான கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்த அசைவுதான் தேவை.

இப்போது ஞாபகத்துக்கு வருவோம். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக் மூலக் கதையில் மிட்கார் நகரப் பகுதியை மட்டும் எடுத்து முழு நீள ஆட்டமாக விரித்தது. நடுவே, கதை பழைய வழியிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்ளும் ஆவிகள் மாதிரி சில உருவங்களை நுழைத்தது. முடிவில் அந்த விதியோடேயே மோதவிட்டது. பழைய ரசிகரில் பாதிப் பேருக்கு அது துரோகம். மீதிப் பேருக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று இத்தனை வருடம் கழித்தும் தெரியாமல் இருப்பதே பரிசு. 2024 பிப்ரவரி 29 அன்று வந்த இரண்டாம் பாகமான ரீபர்த்துக்கு விமர்சகர்கள் 92 கொடுத்தார்கள். ஆனால் ஆட்டம் எதிர்பார்த்த லாபத்தை எட்டவில்லை என்று ஸ்கொயர் எனிக்ஸ் தலைவரே அந்த ஆண்டு சொன்னார். 92-ஐக் காட்டி மார்தட்டியவர்கள் அந்த வாரம் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள்.

இதற்கு நேர் எதிர்க்கோடி போகிமான் பிரில்லியன்ட் டைமண்ட், ஷைனிங் பேர்ல். 2021 நவம்பரில் வந்தது. கதையைத் தொடவே இல்லை. 2008-இல் பிளாட்டினம் பதிப்பில் செய்த நல்ல திருத்தங்களைக்கூடப் பெரும்பாலும் சேர்க்காமல், 2006 ஆட்டத்தை அப்படியே குட்டிப் பொம்மை உருவங்களோடு கொடுத்தார்கள். விமர்சகர்கள் 73 போட்டார்கள். ரசிகர்களும் திட்டினார்கள். விற்றதோ 1 கோடியே 40 லட்சம் பிரதிக்கும் மேல். மாற்றினால் ஏன் மாற்றினாய் என்கிறார்கள், மாற்றாவிட்டால் ஏன் மாற்றவில்லை என்கிறார்கள். டிராகன் குவெஸ்ட் 3 நடுவில் நின்றது. உடல் தோற்றத்துக்கு ஆண், பெண் என்பதற்குப் பதில் 'ஏ', 'பி' என்று வைத்ததற்கும், வீராங்கனையின் உடையைக் கொஞ்சம் மூடியதற்கும் வாங்கிய திட்டு ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு. வந்த சில வாரங்களிலேயே 20 லட்சம் பிரதி போயிற்று.

பெர்சோனா 3 ரீலோட் எனக்கு ரொம்பச் சுவாரசியமான உதாரணம். 2024 பிப்ரவரியில் வந்தது, விமர்சகர் மார்க் 80-களின் மேல்பகுதி. பழைய ரசிகர்களின் கோபமெல்லாம் அதில் இல்லாததைப் பற்றித்தான். 2009 போர்ட்டபிள் பதிப்பில் இருந்த பெண் நாயகி இல்லை. 'தி ஆன்சர்' என்ற பின்கதையைத் தனியாக டிஎல்சி (காசு கொடுத்து இறக்கும் கூடுதல் பகுதி) ஆக்கி விற்றார்கள். விமர்சகர் தட்டில் வைத்ததற்கு மார்க் போட்டார், ரசிகர் தட்டில் வைக்காததைக் கேட்டார். இந்த இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்து யார் நேர்மையானவர் என்று தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

சேலத்தில் நம் நிலைமை என்ன? மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கேமிங் கடைகளில் டெக்கனும் ஃபிஃபாவும்தான் ஓடின. நாற்பது மணி நேர ஆர்பிஜியை மணிக்கணக்கில் காசு கட்டி யார் ஆடுவார்கள்? டிராகன் குவெஸ்ட் பெயரையே பலர் இந்த ரீமேக் வந்தபோதுதான் கேள்விப்பட்டார்கள். போகிமான் மட்டும் விதிவிலக்கு. டிவியில் பார்த்து, அப்புறம் போனில் எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் செயலி) போட்டு ஆடிய ஒரு தலைமுறை இருக்கிறது. மற்றபடி நம்மில் பெரும்பாலானோருக்கு ரீமேக்தான் முதல் ஆட்டம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1997-இல் பள்ளிக்கூடம் போனவர்களின் ஏக்கத்தைக் கடன் வாங்கி இங்கே கோபப்படுகிறோம்.

அதனால் ஊரே "விமர்சகனை நம்பாதே, ரசிகனை நம்பு" என்று சொல்லும்போது, ரீமேக் விஷயத்தில் நான் தலைகீழாகச் சொல்வேன். மூலத்தை ஆடாதவர், டிஸ்க் வாங்கி கன்சோலில் ஆடுகிறவர் என்றால் விமர்சகர் சராசரியே போதும். டீமன்ஸ் சோல்ஸ் ரீமேக் 2020-இல் 92 வாங்கியது. உருவங்களின் சாயலும் இசையும் மாறிவிட்டதாகப் பழைய ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். 2009 ஆட்டத்தைப் பார்க்காதவருக்கு அந்த வருத்தத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. மூலத்தை ஆடியவர் என்றால் எல்லா எண்ணையும் ஓரம்கட்டிவிட்டு, மார்க் குறைத்துப் போட்ட ஒரு நல்ல விமர்சனத்தை மட்டும் படிக்கட்டும். குறைக்கான காரணம் உங்கள் ஞாபகத்தைத் தொடுகிறதா என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். கணினிக்காரர் ஸ்டீமில் கடைசி 30 நாளைப் பார்த்தால் போதும். வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற வசதியும் அவருக்கு உண்டு.

எந்த எண்ணும் சொல்லாத சங்கதிகளும் இருக்கின்றன. இந்த ஆட்டங்களில் தமிழ் கிடையாது. பெர்சோனாவில் பக்கம் பக்கமாக ஆங்கிலம் படிக்க வேண்டும். டிராகன் குவெஸ்ட்டின் ஆங்கிலமோ பழங்கால வழக்கும் வட்டார வழக்கும் கலந்தது. ரீபர்த் 150 ஜிபியை ஒட்டி இடம் கேட்கும். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என் நண்பனுக்கு மழைக்காலத்தில் கரண்ட்டும் நெட்டும் மாறி மாறிப் போகும். அவன் டிராகன் குவெஸ்ட் 3-ஐத்தான் எடுத்தான். "அளவும் சின்னதுடா, கரண்ட் போனா ஆட்டோசேவ் இருக்கு, அப்புறம் என்ன?" என்றான். மார்க் என்னவென்று அவன் கேட்கவே இல்லை.

டெமோ கிடைத்தால் எண்களைப் பார்க்கும் வேலையே பாதி குறையும். ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்கின் முதல் அத்தியாயத்தை 2020 மார்ச்சிலேயே பிளேஸ்டேஷனில் இலவசமாகக் கொடுத்தார்கள். ரீபர்த்துக்கும் வெளியீட்டுக்கு முன்பே நிபெல்ஹைம் பகுதி டெமோவாக வந்தது. மூன்றாம் பாகத்துக்கும் அப்படி ஒன்று வந்தால், ராத்திரி படுக்கும் முன் இறக்கத்துக்குப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். சண்டை போடுகிறவர்கள் எப்படியும் காலையிலும் அங்கேயேதான் இருப்பார்கள்.