பெயர் எழுதப்படாத மாத்திரை உறைகள்: மலையகத்து நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை

நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவாதம் போன்ற நீண்டகால நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள், குறிப்பாகத் தோட்டங்களிலிருந்து நகரத்துத் தனியார் டிஸ்பென்சரிகளுக்குச் சென்று வருபவர்கள், தங்கள் வீட்டிலுள்ள மாத்திரை உறைகளை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உறையில் மாத்திரையின் பெயரும் அளவும் இருக்கின்றனவா, அல்லது காலை, இரவு என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறதா? என் தாயார் அப்படிப் பெயரில்லாத ஓர் உறையால் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர்.

அம்மா இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இளவயது முதல் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர். வேலையில் இருந்தபோதே சீனி வருத்தம் வந்துவிட்டது. அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் மெட்ஃபோர்மின் தந்தார்கள். கிளினிக் நாளில் மலைக்குப் போக முடியாது, அன்றைய பேர் (நாட்சம்பளக் கணக்கு) விழாது என்று தெரிந்திருந்தும் அவர் ஒரு தவணையைக்கூட விட்டதில்லை. வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி அளவு பல ஆண்டுகளாக 130ஐ ஒட்டியே நின்றது. அவரை வாட்டியது முழங்கால் வலிதான். செங்குத்தான மலைகளில் கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள், குளிர் மாதங்களில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசற்படியைக்கூட ஏறவிடாமல் செய்தன. கிளினிக்கில் அதற்குப் பரசிட்டமோலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வலியோடுதான், அயலவர் சொன்ன கைராசிப் பேச்சை நம்பி, நகரத்து டிஸ்பென்சரி ஒன்றுக்கு அம்மா போகத் தொடங்கினார். அங்கே உள்ளங்கை அகலமான காகித உறைகளில் மாத்திரைகளைக் கொட்டித் தருவார்கள். ஒன்றில் சிறிய வெள்ளை மாத்திரைகள், இன்னொன்றில் பூச்சுப் பூசிய மாத்திரைகள். இரண்டு உறைகளின் மேலும் நீலப் பேனையால் 1 - 0 - 1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று எழுதியிருக்கும். வேறு ஓர் எழுத்தும் இராது. ஒரு வாரத்துக்குள் அம்மா கோயில் வரை தானாகவே நடந்து போனார். அதைக் கண்டு அந்த லயத்திலிருந்து மேலும் சிலர் அதே டிஸ்பென்சரிக்குப் போனார்கள்.

சில மாதங்களில் அவருடைய முகம் உருண்டு பூரித்தது. "உடம்பு நல்லாத் தேறிருச்சே அக்கா" என்று பார்த்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்தார்கள். முன்கைகளிலோ, எங்கும் இடித்துக்கொள்ளாமலே, கருநீலக் கன்றல்கள் தோன்றின. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து போனது. கிளினிக்கில் சீனி 280ஐத் தாண்டியது. அங்கிருந்த வைத்தியர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்டாவிட்டால் மருந்து தந்து பயனில்லை" என்று, காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். "டொக்டரய்யா, நான் தேத்தண்ணிக்குக்கூடச் சீனி போடுறதில்லைங்க" என்று அம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. வேறு இடத்தில் மருந்து எடுக்கிறீர்களா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருந்த சீனி ஏன் திடீரென ஏறியது என்று வியப்படைய அந்தக் கொப்பியிலேயே போதிய காரணம் இருந்தது. கிளினிக்கின் நெரிசலை நான் அறிவேன். ஆயினும் ஒரு முதிய பெண்ணைப் பொய்காரியாக்கி அனுப்புவதற்கு எடுத்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். அன்று இன்சுலின் ஊசி தொடங்கப்பட்டது.

முகவீக்கம் எனக்குச் சந்தேகத்தைத் தந்ததால், அம்மாவுடன் டிஸ்பென்சரிக்குச் சென்று மாத்திரைகளின் பெயர்களை எழுதித் தரும்படி கேட்டேன். "பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள்" என்பதே அங்கிருந்த வைத்தியரின் பதில். கூட இருந்த அம்மாவுக்கு அந்தச் சொல் சுட்டுவிட்டது. வீடு திரும்பியதும் இரண்டு உறைகளையும் அடுப்பில் போட்டார். திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று எச்சரிக்க வேண்டியவரோ, மருந்தின் பெயரைக்கூடச் சொல்ல மறுத்து எங்களை வெளியே அனுப்பியிருந்தார்.

அடுத்த சில நாட்களில் வாந்தியும் எழுந்து நிற்க முடியாத சோர்வும் வந்தன. ஒரு விடிகாலையில் அம்மா நினைவு தப்பிக் கிடந்தார். 1990 இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்பியூலன்ஸில் வைத்தே சீனி மிகவும் இறங்கியிருப்பதைக் கண்டு குளுக்கோஸ் ஏற்றினார்கள். நினைவு திரும்பிய பிறகும், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றியும், இரத்த அழுத்தம் உயரவில்லை. வாட்டில் கடமையிலிருந்த இளம் வைத்தியர் ஒருவர் அம்மாவின் முகத்தையும் முன்கைகளையும் விளக்கொளியில் நிதானமாகப் பார்த்தார். "மூட்டு வலிக்கு வெளியே மாத்திரை எடுத்தீர்களா அம்மா?" என்று கேட்டார். ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி போட்டதும் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் நிலைகொண்டது. வைத்தியசாலையிலிருந்து கடிதம் போன பிறகுதான் டிஸ்பென்சரி வாய் திறந்தது. வெள்ளை மாத்திரை பிரெட்னிசொலோன். பூச்சுப் பூசியது டைக்ளோஃபெனக்.

பிரெட்னிசொலோன் ஸ்டீரொய்ட் வகை மருந்து. வீக்கத்தையும் வலியையும் அது விரைவாக அடக்கும். அதேவேளை இரத்தத்தில் சீனியை ஏற்றும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை நாள்தோறும் சுரக்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் தொடர்ந்து வரும்போது அவை தம் வேலையைக் குறைத்துவிடுகின்றன. மூன்று வாரங்களுக்கு மேல் எடுத்தவர் அதைச் சட்டென்று நிறுத்தினால், சுரப்பிகள் விழித்துக்கொள்வதற்குள் உடம்பு சரிந்துவிடக்கூடும். அதனால்தான் வைத்தியரின் கண்காணிப்பில் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்மாவின் விடயத்தில் இன்னோர் ஆபத்தும் சேர்ந்துகொண்டது. ஸ்டீரொய்ட் ஏற்றிய சீனியை அடக்கவே இன்சுலின் அளவு தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஸ்டீரொய்ட் நின்ற பிறகும் அதே அளவு இன்சுலின் தொடர்ந்ததால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியது. ஒரு வைத்தியர் மறைத்தார், மற்றவர் கேட்கவில்லை. இருவருடைய மருந்துகளும் என் தாயின் உடம்புக்குள் மோதிக்கொண்டன. டைக்ளோஃபெனக் தன் பங்குக்குச் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்ததை, சிறுநீரகத்தின் செயற்பாட்டை அறியச் செய்யும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை காட்டியது.

ஸ்டீரொய்ட் கெட்ட மருந்து என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான ஆஸ்துமாவிலும் வேறு பல நோய்களிலும் உயிர் காப்பது அதுதான், அம்மாவை மீட்ட ஊசியும் அதே வகையைச் சேர்ந்தது. பெயரைச் சொல்லாமல், சீனி வருத்தம் இருக்கிறதா என்று விசாரிக்காமல், மாதக்கணக்கில் உறையில் போட்டுக் கொடுத்ததுதான் கொடுமை. பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த மருந்துக் கொள்கையின் வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவிய நாடு இது. மருந்துகளை வணிகப் பெயரால் அன்றிப் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று அவர் அன்றே வாதிட்டார். அத்தகைய நாட்டில் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எந்தப் பெயரும் சொல்லப்படவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அம்மா இப்போது எந்த வைத்தியரையும் நம்புவதில்லை. சீனி பார்க்க விரலை நீட்டுவார். ஆனால், புதிய மாத்திரை எதைத் தந்தாலும் அதன் பெயரை நான் தமிழில் எழுதிக் காட்டும்வரை விழுங்கமாட்டார். வாட்டில் அவரைக் காப்பாற்றிய அந்த இளம் வைத்தியரிடம்கூட, "இது என்ன மருந்துங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் இரண்டு தடவையும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

உங்கள் வீட்டில் பெயரில்லாத உறை இருந்தால் அதை எறியவும் வேண்டாம், மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். உறையையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், எவ்வளவு காலமாக எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முகம் உருண்டிருந்தாலோ, காரணமின்றிக் கன்றல்கள் இருந்தாலோ, கட்டுப்பாட்டில் இருந்த சீனி திடீரென ஏறியிருந்தாலோ, அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். மருந்து நிறுத்தப்பட்ட ஒருவருக்கு வாந்தியோ மயக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டியவை; அவற்றைப் பற்றிய முறைப்பாட்டைத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கும், வைத்தியர் பற்றியதை இலங்கை மருத்துவ சபைக்கும் எழுதலாம். வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியை இணைத்து நாங்கள் இரண்டுக்கும் எழுதியிருக்கிறோம். எங்கள் லயத்தில் அதே உறைகளை வைத்திருந்தவர்களை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் இருவர், வலி திரும்பிவிடும் என்ற பயத்தில், வர மறுக்கிறார்கள்.