பதினாறு பேர்ச்சில் தக்காளி: ஒரு பாடப் பெட்டி பற்றிய மதிப்பீடு

விவசாய இளைஞர் அமைப்புகள் தோன்றிய வரலாற்றைக் கற்பிப்பதற்கென 24 பட அட்டைகளும் ஆசிரியர் கைந்நூலும் கொண்ட பெட்டியொன்றை, வெள்ளவத்தைப் புத்தகக் கடையொன்றில் 2,400 ரூபாவுக்கு வாங்கி, தரம் 10 இல் விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் பயிலும் என் மாணவர்களுடன் மூன்று வாரங்கள் பயன்படுத்தினேன். அடுக்குமாடி வீடுகளில் வளரும் கொழும்புப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு எட்டுமா என்ற என் தயக்கம் முதல் அட்டையிலேயே நீங்கியது.

1902 சனவரியில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், பாடசாலை அத்தியட்சகர் ஆல்பர்ட் கிரகாம் கிராமத்துச் சிறுவர் சிறுமியரைக் கூட்டித் தொடங்கிய கழகமே பின்னாளில் 4-எச் என்ற இளைஞர் இயக்கமாக வளர்ந்தது. அவர்கள் பாசிச்சாயத்தாளால் மண்ணைச் சோதித்ததைப் போலவே வகுப்பிலும் சோதிக்கும்படி கைந்நூல் கூறுகிறது. மாணவியொருத்தி பல்கனிச் சாடியிலிருந்து பொலித்தீன் பையில் கொண்டுவந்த மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி நீலத் தாளைத் தோய்த்தோம். அது மெல்லச் சிவந்தது; மண் அமிலத்தன்மையானது என்பதற்கு அதுவே அடையாளம். "மிஸ், அப்ப சுண்ணாம்பு போடவேணுமா?" என்று அவள் கேட்டபோது, நூறாண்டுக்கு முந்திய அந்தக் கழகத்தின் நோக்கத்தை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

தக்காளி அட்டையும் அருமையானது. 1910 இல் தென் கரோலினாவின் எய்க்கனில் ஆசிரியை மேரி குரோமர் தொடங்கிய கழகத்தில், சிறுமியர் ஒவ்வொருவரும் ஏக்கரின் பத்திலொரு பங்கில் தக்காளி பயிரிட்டு, விளைச்சலைத் தகரத்தில் அடைத்துப் பேணினர். அந்த அளவு 16 பேர்ச் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. காணியைப் பேர்ச்சிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா!

1921 இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் தொடங்கிய கன்று வளர்ப்புக் கழகத்துக்கான அட்டை போதுமானது. பெட்டியில் 'மக்காச்சோளம்' என்று அச்சிட்டிருப்பதை நம் பிள்ளைகளுக்குச் 'சோளன்' என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

புதிய முறைகளை ஏற்கத் தயங்கிய பெற்றோர், பிள்ளைகளின் பாத்திகளில் விளைந்ததைக் கண்டு மனம் மாறியதே இக்கழகங்கள் பரவியதற்கு முக்கிய காரணம்; ஆனால் அது 22ஆம் அட்டையில்தான் வருகிறது. நான் அதை முதலில் வைத்தே கற்பிக்கிறேன். இன்னும் பெரிய குறை, 1928 இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றியில் உருவான எதிர்கால விவசாயிகள் அமைப்பைப் புகழும் அட்டையில் இருக்கிறது. இன அடிப்படையில் பிரித்து நடத்தப்பட்ட தென்மாநிலப் பாடசாலைகளின் கறுப்பின மாணவர்கள் தமக்கெனத் தனி அமைப்பை நடத்த நேர்ந்ததையும், அது 1965 இல்தான் இதனுடன் இணைந்ததையும், பெண்பிள்ளைகள் 1969 இல்தான் தேசிய அளவில் உறுப்புரிமை பெற்றதையும் அந்த அட்டை சொல்லவில்லை. இவற்றை வெற்று அட்டையொன்றில் நானே எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்; அடுத்த பதிப்பில் அவை அச்சிலேயே வர வேண்டும்.