டிஸபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டவர்களுக்கு: சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பற்றி என் மதிப்பீடு

நான் தரைப்படையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூர் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது படைக்குப் போன ஊர்கள் உண்டு. அதனால் பென்ஷன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தபடியே இருப்பார்கள். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, டிஸபிலிட்டி பென்ஷனை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. சென்னை டிரிப்யூனலுக்குப் போனா கிடைக்குமா?" என் பதில்: போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பணி முடிந்து வெளியே வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு உட்காரும். நோய் என்ன, எத்தனை சதவீதம், அது ராணுவப் பணியால் வந்ததா அல்லது பணியால் கூடியதா என்று எழுதுவார்கள். இரண்டும் இல்லை என்று எழுதிவிட்டால், படைக்காரர்கள் சொல்வதுபோல அது 'நானா' கேஸ் (NANA, அதாவது Neither Attributable Nor Aggravated என்பதன் சுருக்கம்). பென்ஷனின் டிஸபிலிட்டி பகுதி, அதாவது நோய்க்கோ ஊனத்துக்கோ கூடுதலாகத் தரும் தொகை, அதோடு நின்றுவிடும். அதன்மேல் முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் என்று துறைக்குள்ளேயே இரண்டு படிகள் இருக்கின்றன. அவற்றையும் தாண்டிய பிறகுதான் தீர்ப்பாயம். அப்பீல் போட்டு ஆறு மாதமாகியும் பதில் வராவிட்டால், காத்திருக்காமல் தீர்ப்பாயத்தில் ஓ.ஏ. (மூல மனு) தாக்கல் செய்யலாம், சட்டமே அதற்கு இடம் தருகிறது.

எங்கள் தெரு ஹவில்தார் ஒருவரின் காகிதங்களை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன். சேரும்போது முழு உடல்தகுதி. இருபது வருஷத்துக்கு மேல் பணி, அதில் பாதிக்கு மேல் எல்லைப் பகுதியில். வெளியே வரும்போது ரத்த அழுத்தம், 30 சதவீதம், வாழ்நாள் முழுவதற்கும். மறுப்புக் கடிதத்தில் இருந்த காரணம் ஒரே வரி: நோய் அமைதிப் பகுதியில் (எல்லையோ போர்க்களமோ அல்லாத பணியிடத்தில்) தொடங்கியது. அதற்கு முன் எங்கே இருந்தார், எத்தனை குளிர்காலம் மலையில் கழித்தார் என்று ஒரு சொல் கிடையாது. அந்த வரியைப் படித்துவிட்டு அவர் மனைவி என்னிடம், "இவருக்கு இது வீட்டிலிருந்து வந்த நோயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. மறுப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் அதுதான்.

அவர் வழக்கில் தீர்ப்பாயம் தந்த உத்தரவைப் படித்தபோதுதான் எனக்கு நிறைவாக இருந்தது. பெஞ்சில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும், படையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரும் இருப்பார்கள். சட்டம் தெரிந்தவரும் பாசறை தெரிந்தவரும் சேர்ந்து ஒரு காகிதத்தைப் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உத்தரவில் தெரிகிறது. சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் இந்த நோய் குறிக்கப்பட்டிருந்ததா? இல்லை. அப்படியானால் பணிக்காலத்தில் வந்தது என்றே கொள்ள வேண்டும். பணியோடு தொடர்பில்லை என்று சொல்ல போர்டு என்ன காரணம் காட்டியது? ஒன்றும் காட்டவில்லை. இந்த வரிசையில் போகிறது உத்தரவு.

இதற்கு அடித்தளம் 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. அவர் சிக்னல்ஸ் பிரிவில் 1985-இல் சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு 1994-இல் வெளியே அனுப்பினார்கள், பென்ஷன் மறுக்கப்பட்டது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சிப்பாயுடையது அல்ல, சந்தேகத்தின் பலன் அவருக்கே என்று நீதிமன்றம் சொன்னது. டிஸபிலிட்டி பென்ஷன் உத்தரவுகள் எதை எடுத்துப் படித்தாலும் இந்தப் பெயர் பெரும்பாலும் வந்துவிடும். தனக்குப் பின்னால் வந்த எத்தனை குடும்பங்களுக்கு அந்த ஒரு சிப்பாய் வழி திறந்துவிட்டார்!

பணக் கணக்குக்கு வருவோம். 100 சதவீத டிஸபிலிட்டிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம் தருகிறார்கள். குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். அந்தச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், 30 சதவீத டிஸபிலிட்டிக்கு மாதம் 3,600. ஆனால் 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. முழுப் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அப்போது 6,000 ரூபாய். மேலே அகவிலை நிவாரணம் தனி. மனுவில் இதையும் சேர்த்துக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்தான். எட்டாவது படித்துவிட்டுச் சேர்ந்த பழைய ஜவானுக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாது. தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது தரலாம். ராமநாதபுரத்திலிருந்தோ தேனியிலிருந்தோ வயதானவர் சென்னை வந்து போவதும் சுலபமல்ல. ஜெயித்த உடனே பணம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் உச்ச நீதிமன்றம் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகும் வழி மறுபடி திறந்திருக்கிறது. நமக்கும் அது பயன்படும், அரசுக்கும் பயன்படும்.

வருஷங்கள் கடந்துவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு: பென்ஷன் மறுப்பு மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதம் மட்டுமே கதவை அடைத்துவிடாது. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் அந்தத் தீர்ப்பின்படி பழைய பாக்கியை மனு போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளோடு நிறுத்திவிடக்கூடும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகலாம்.

2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள். மேலே சொன்ன தீர்ப்புகளை அப்படியே ஒட்டிவிடாமல் வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். மற்றவர்கள், வக்கீலைப் பார்க்கும் முன் மெடிக்கல் போர்டு காகிதத்தின் முழு நகலை வாங்கி, காரணம் எழுதும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே வெறும் ஒரு வரி இருந்தால் உங்கள் வழக்குக்கு பலம் உண்டு. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு), மறுப்புக் கடிதங்கள், எந்தெந்த ஊரில் எப்போது பணி என்ற விவரம், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். வக்கீல் வைக்காமல் நீங்களே ஆஜராகவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் வக்கீல் இருப்பது நல்லது. கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இலவசச் சட்ட உதவி பற்றி விசாரியுங்கள். கணவர் காலமாகிவிட்டால் மனைவி கேட்க முடியாது என்று நினைத்து ஃபைலை மூட்டை கட்டி வைத்திருக்கும் அக்காமார்களும் போய்க் கேளுங்கள்.