மெசேஜ் க்யூ போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மொத்த வியாபாரம் எங்களுக்கு. பில் போடுவது டேலி என்ற கணக்கு மென்பொருளில். குடோனில் இருப்புக் கணக்குக்குத் தனி மென்பொருள். கடையில் பில் போட்டதும் பையன் குடோனுக்குப் போன் போட்டுச் சொல்வான், மூட்டைக் கணக்கு அடிக்கடி தவறும். இரண்டையும் இணைக்கப் போன வருஷம் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம்.

ராபிட்எம்க்யூ போட்டார்கள். ஒரு மென்பொருள் அனுப்பும் செய்தியை வரிசையில் (க்யூவில்) வைத்திருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் மெசேஜ் க்யூ மென்பொருள் அது. யோசனை நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். பில் போட்டதும் அந்த ஆர்டர் க்யூவில் போய் நிற்கும். குடோன் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், எழுந்ததும் எடுத்துக்கொள்ளும். "பேங்க்ல எல்லாம் இப்படித்தாங்கண்ணா ஓடுது, ஒரு ஆர்டர்கூடத் தவறாது" என்றார்கள்.

நவராத்திரிக்கு முந்தின வாரம். வடக்கே விரதத்துக்குச் சாபுதானா என்று சாப்பிடுவது நம் ஜவ்வரிசியைத்தான், எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அன்று காலையிலிருந்தே குடோன் கம்ப்யூட்டர் பழுது. 31 ஆர்டர் க்யூவில் காத்திருந்தது. மதியம் கடையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தாங்காமல், சர்வர் அணைந்து எழுந்தது.

யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துப் புனேயிலிருந்து போன்: பில் வந்துவிட்டது, லாரி எங்கே? பதினான்கு வருஷப் பார்ட்டி. டேலி பில்லையும் குடோன் ரிஜிஸ்டரையும் ராத்திரி முழுக்க ஒத்துப் பார்த்தோம். 31உம் காணோம்.

க்யூ போட்ட நிறுவனத்தைக் கேட்டால், "கரண்ட் போனதுக்கு நாங்க என்ன பண்றதுங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

அக்கா மகன் வந்து க்யூக்களின் பட்டியலைத் திறந்து காட்டினான். பெயருக்குப் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருக்க வேண்டும், டியூரபிள் என்று அர்த்தம். எங்கள் க்யூவுக்கு அது இல்லை. அந்த எழுத்து இல்லாத க்யூ, சர்வர் திரும்ப எழும்போது இருக்காது. அது இருந்தாலும் போதாதாம்: ஒவ்வொரு செய்தியையும் டெலிவரி மோட் 2, அதாவது டிஸ்க்கில் எழுதி வை என்று குறித்து அனுப்ப வேண்டும். அதுவும் செய்யவில்லை. போதாக்குறைக்கு ஆட்டோ அக் என்ற செட்டிங் வேறு. குடோனுக்குச் செய்தியை அனுப்பிய நொடியே க்யூ அதை அழித்துவிடும், இருப்பில் ஏறியதா என்று பார்க்காது. ஏறாமல் போனதை ஒதுக்கி வைக்க டெட் லெட்டர் க்யூவும் கிடையாது.

வயிறு எரிந்தது அவர்கள் கொடுத்த பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான். 'மிடில்வேர் லைசென்ஸ்', அதாவது இடையில் இணைக்கும் அந்த மென்பொருளுக்கான உரிமம் என்று 85,000 ரூபாய். எங்கள் சர்வரில் இருப்பது திறமூலப் பதிப்பு, யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஐபிஎம் எம்க்யூ போட்டு லைசென்ஸ் காசு கேட்டிருந்தால் நியாயம். உழைப்புக்குக் கூலி என்று கேட்டிருந்தாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன். திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, இன்னும் பதில் இல்லை.

உங்கள் கடைக்கு இப்படி யாராவது வந்தால், கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னாலேயே குடோன் மென்பொருளை நிறுத்திவிட்டுப் பத்து பில் போடுங்கள். சர்வரை அணைத்துப் போடுங்கள். பிறகு குடோனைத் திறந்து பத்தும் வந்ததா என்று எண்ணுங்கள். எங்களிடம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு பில்லைப் போட்டுக் காட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள்.