ராம் வாங்கப் போகிறவர்கள் கவனம்: 17000 என்பது 3200ஐ விட வேகமல்ல

கிளிநொச்சியில் மடிக்கணினிக்கு ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஏ9 வீதியில் நல்ல கடைகளும் இருக்கின்றன.

விசுவமடுவில் கல்வி நிலையங்களுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். என் மடிக்கணினியில் 8 ஜிபி ராம் ஒன்று இருந்தது, டிடிஆர்4 வகை, வேக இலக்கம் 3200. அதே மாதிரி இன்னொன்று போடலாம் என்று பஸ் ஏறினேன். கடைத் தம்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அண்ணை, உங்களிடம் இருப்பது வெறும் 3200. இது 17000. விலை 1500 ரூபா கூட, ஆனால் பறக்கும்."

பச்சைப் பலகையில் பிசி4-17000 என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதன் பக்கத்தில் கடையின் உத்தரவாத ஸ்டிக்கர், கொஞ்சம் கோணலாக. ஐந்து மடங்கு வேகத்துக்கு 1500 ரூபா என்ன பெரிய காசு என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நினைவகம் 16 ஜிபி ஆகிவிட்டதால் வேலை முன்பைவிடச் சுகமாகத்தான் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிவியல்நகர் பொறியியற்பீடத்தில் படிக்கும் மருமகன் வந்து, கணினிக்குள் நடப்பதைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்தான். வேகம் என்ற இடத்தில் 2133. பின்மூடியைக் கழற்றி, அந்தக் கோணல் ஸ்டிக்கரை நகத்தால் மெல்லச் சுரண்டினான். அடியில் டிடிஆர்4-2133.

கணக்கு இதுதான். டிடிஆர்4 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கம், ஒரு விநாடியில் எத்தனை மில்லியன் தடவை தரவு கைமாறுகிறது என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் 64 பிட், அதாவது 8 பைட் போகிறது. 2133ஐ 8ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 17000 மெகாபைட். பிசி4 என்று தொடங்கும் பெயரில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பெருக்கிய தொகை. அப்படிப் பார்த்தால் என் பழைய 3200இன் பெயர் பிசி4-25600! வேகமானதை வைத்துக்கொண்டு, கூடுதல் காசுக்கு மெதுவானதை வாங்கியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் போட்டதில் பழையதும் 2133க்கு இறங்கிவிட்டது.

திரும்பக் கொண்டுபோனேன். "ஸ்டிக்கர் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை, அண்ணை" என்றார் அதே தம்பி. இலக்கத்தை மறைத்ததும் அந்த ஸ்டிக்கர்தான், வாயை அடைத்ததும் அதுதான்.

கடையிலேயே பொருத்தச் சொல்லி, டாஸ்க் மனேஜரில் வேகத்தைப் பார்த்த பிறகு காசை எடுங்கள். 17000, 21300 என்று பெரிய இலக்கம் காட்டினால் கைத்தொலைபேசியில் 8ஆல் வகுத்துப் பாருங்கள். சிபியு-இசட் போன்ற மென்பொருள் 3200க்கு 1600 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு தடவை தரவு போவதால் அது பாதியைக் காட்டுகிறது, ஏமாற்று அல்ல. இதைத் தெரியாமல் நல்ல கடைக்காரர் ஒருவருடன் சண்டை பிடித்துவிடாதீர்கள்.