பிபிடபிள்யூ34 கேட்டால் கறுப்பு டையோடு தருகிறார்கள், ஜாக்கிரதை

லக்ஸ் மீட்டர் (வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் கருவி) மாதிரி ஏதாவது செய்ய ஃபோட்டோடையோடு, அதாவது ஒளி பட்டால் சிறு கரண்ட் தரும் பாகம், வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் பிபிடபிள்யூ34 என்ற ஃபோட்டோடையோடு சில கேட்டேன். கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்கள், பில்லிலும் அதே நம்பர். வீட்டில் பிரித்தால் எல்லாமே கறுப்பு. நிஜமான பிபிடபிள்யூ34 கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் சதுரச் சில்லு பளிச்சென்று தெரியும். உடனே ஃபோன் போட்டேன்.

"இப்ப வர்ற பேட்ச் எல்லாம் கறுப்புதான் சார். உள்ளே அதே ஐட்டம். போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். தெரிந்தவர் நடத்தும் தையல் யூனிட்டில், மெஷின் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கத்தான் இந்த சர்க்யூட். டையோடு தரும் சிறு கரண்ட்டை வோல்டேஜாக மாற்ற ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி), அதன் ஃபீட்பேக்கில் 470கே ரெசிஸ்டர். அங்கே எல்லாம் எல்ஈடி டியூப்லைட். அவுட்புட் கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ஜன்னல் வெயிலில் காட்டினால் எகிறுகிறது, டிவி ரிமோட்டை அழுத்தினால் துடிக்கிறது. அதற்கு மேல் சந்தேகமே இல்லை. அந்தக் கறுப்பு ஒரு ஃபில்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து இன்ஃப்ராரெட்டை மட்டும் உள்ளே விடும். ரிமோட் ரிசீவருக்கு அருமையான பொருள், நம்பரின் கடைசியில் ஒரு எஃப் சேர்ந்திருக்கும். வெள்ளை எல்ஈடியிலோ இன்ஃப்ராரெட் இல்லை என்றே சொல்லலாம்.

நேரில் போனதும் கதை மாறியது. "எல்ஈடி லைட்ல ரீடிங் கம்மியாத்தான் வரும், டேட்டாஷீட்டைப் பாருங்க" என்றார் கடைக்காரர். எரிச்சல் என்னவென்றால், இது பாதி உண்மை. டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) 1000 லக்ஸுக்குச் சுமார் 70 மைக்ரோ ஆம்பியர் என்று சொல்வது பழைய குண்டு பல்பு வெளிச்சத்துக்கு. எல்ஈடியில் அது பல மடங்கு குறைந்து சில மைக்ரோ ஆம்பியருக்கு வரும்தான். ஆனால் செத்துப் போகாது. விஷயம் தெரிந்துதான் பேசுகிறார், அப்புறம் எப்படிக் கறுப்பைத் தெரியாமல் கொடுத்திருப்பார்?

சால்டர் பண்ணியதற்கு ரிட்டர்ன் கிடையாதாம். மீதிக்கு மாற்றித் தருகிறேன் என்று உருண்டைத் தலை போட்ட தெளிவான ஒன்றை எடுத்து நீட்டினார். அது ஃபோட்டோடிரான்சிஸ்டர், ஒளியை உணரும் வேறு வகைப் பாகம்! காசும் வரவில்லை.

வாங்கும்போது மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் வைத்து, பேட்டரி எதுவும் சேர்க்காமல் இரண்டு காலையும் நேராகத் தொட்டு, கிட்டே செல்போன் டார்ச்சை அடியுங்கள். டார்ச்சும் வெள்ளை எல்ஈடிதான். நல்ல பிபிடபிள்யூ34 என்றால் பத்துக்கணக்கில் மைக்ரோ ஆம்பியர் காட்டும். கறுப்பு அசையாது, ஃபோட்டோடிரான்சிஸ்டரும் பெரிதாக ஒன்றும் காட்டாது. கடையில் டெஸ்ட் பண்ண விடமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?